ஜெய்ப்பூர் விழா வெறும் மண்ணில் முளைக்கவில்லை

நேற்று நம் நண்பர் போட்ட பதிவைப் பார்த்திருப்பீர்கள். ஆண்டுதோறும் நடக்கும் ஜெய்ப்பூர் இலக்கிய விழாவை எழுத்தாளர்கள் வில்லியம் டால்ரிம்பிளும் நமிதா கோகலேயும் "வெறும் மண்ணிலிருந்து" எழுப்பினார்களாம். ஒரே ஒரு வரி திருத்தம் போட்டேன். "உங்களுக்கு எதிலும் குறைதானா?" என்று பதில் வந்தது. அப்புறம் அந்தத் திருத்தத்தையும் காணோம். சரி, என் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன்.

அது வெறும் மண் இல்லை. ஃபெய்த் சிங் தொடங்கிய ஜெய்ப்பூர் விராசத் அறக்கட்டளை அங்கே இருந்தது. கணவர் ஜான் சிங்கோடு சேர்ந்து அனோகி என்ற அச்சுத்துணி நிறுவனத்தை வளர்த்தவர் அவர். அந்த அறக்கட்டளையின் மரபுத் திருவிழாவில் ஒரு பகுதியாகத்தான் 2006இல் இலக்கியம் உள்ளே வந்தது. எழுத்தாளர்கள் 18 பேர், கேட்க வந்தவர்கள் சுமார் 100 பேர். டால்ரிம்பிளும் நமிதாவும் அந்த 18 பேரில் இருந்தார்கள். தனி விழாவானது 2008இல்தான்.

"கூட்டம் சேர்த்தது யார்?" என்பீர்கள். இவர்கள் இருவரும், விழாவை நடத்தும் சஞ்சய் ராயின் டீம்வொர்க் ஆர்ட்ஸ் நிறுவனமும்தான். மறுக்கவே இல்லை. 2012இல் எதிர்ப்பும் மிரட்டலும் கிளம்பி எழுத்தாளர் சல்மான் ருஷ்டியால் வர முடியாமல், காணொளியில்கூடப் பேச முடியாமல் போனபோது அந்த நெருக்கடி முழுவதும் இவர்கள் தலையில்தான் விழுந்தது. ஆனால் வளர்த்தவரைப் பாராட்ட, பெற்றவளை ஏன் மறைக்க வேண்டும்? "தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு உனக்கேன் ஜெய்ப்பூர்க் கவலை?" என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். இது ஜெய்ப்பூரில் மட்டும் நடப்பதில்லை.

எங்கள் ஊர் வாசிப்பு வட்டத்தைத் தொடங்கியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வாடகை நாற்காலிகளைத் தட்டுவண்டியில் ஏற்றி, அவரே பின்னால் பிடித்துக்கொண்டு வருவார். வருகிறவர்கள் பெயரைக் கோடு போட்ட நோட்டில் எழுதி வைப்பார். முதல் கூட்டத்துப் பக்கத்தில் ஒன்பது பெயர்கள். பத்தாம் ஆண்டு விழா பெரிய மண்டபத்தில் நடந்தது. அழைப்பிதழில் நன்கொடையாளர்கள் பெயரெல்லாம் பொன்னெழுத்தில் இருந்தன. ஐயா பெயர் எங்குமே இல்லை.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அழைப்பிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தேநீர் வருவதற்குள் நாற்காலி காலியாக இருந்தது.

வேண்டுமென்றே யாரும் விடவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இருக்கலாம். அந்த அழைப்பிதழுக்குப் பிழை திருத்தியவன் நான். ஒற்றெழுத்தெல்லாம் சரிபார்த்தேன், ஒரு மனிதர் விட்டுப்போனது கண்ணில் படவில்லை. அதனால்தான் நேற்று சும்மா இருக்க முடியவில்லை.

இன்றும் தெருவில் பார்த்தால், "அடுத்த கூட்டம் என்னைக்குப்பா?" என்று கேட்கிறார். தேதியைச் சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிடுகிறேன்.