மாற்றம் வேண்டாமென்று யார் சொன்னது?

துயர் துடைப்பு மையத்தை (வெள்ளத்தில் தவிப்பவர்கள் தங்கும் இடத்தை) நடத்துகிறவர்களே, ராத்திரி வாட்சாப்பில் அனுப்பிய புது விதியைக் காட்டி, அங்கே சமைக்கிற அக்காவை அட்டை இல்லையென்று சனிக்கிழமை டேவான் (மண்டபம்) வாசலில் நிறுத்திவிட்டீர்கள். இது ஜொகூரின் லாபிஸ் முழுக்கத் தெரியும், விரிவாக எழுதவில்லை. ஆனால் "பழைய ஆட்களுக்கு மாற்றம் பிடிக்காது" என்று வாட்சாப் குழுவில் போட்டதைப் படித்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை.

மாற்றம் வேண்டாமென்று யார் சொன்னது? 2014 டிசம்பர் வெள்ளத்தில் கிளந்தான் பட்ட பாட்டுக்குப் பிறகு, 2015 அக்டோபரில் நட்மா, அதாவது தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம், வந்தது. தேசியப் பாதுகாப்பு மன்றம் பார்த்த பேரிடர் வேலை அங்கே போனது. தேவையான மாற்றம்தான். அப்படியிருந்தும் 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் காத்துக்கிடந்தார்கள். மேலே அமைப்பை மாற்றினால் போதாது, தண்ணீரில் இறங்குகிறவர்கள் வரை அது வந்து சேரவேண்டும்.

மழைக்கு முன் மாற்றுங்கள், வேலை செய்கிறவர்களைக் கேட்டு மாற்றுங்கள். இவ்வளவுதான் கேட்கிறேன். ராத்திரி வாட்சாப்பில் அனுப்பிய புது விதியைக் காலையில் வாசலில் நின்று கேட்டால் யாருக்குத் தெரியும்?

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் சீவியவர். 2006 கடைசியில் செகாமாட் வட்டாரம் மூழ்கியபோது பள்ளிக்கூட அடுப்படியை அவரும் தோட்டத்துப் பெண்களும்தான் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதி வைப்பார்: யாருக்கு இன்சுலின், எந்தக் குழந்தைக்கு எந்தப் பால்மாவு, எந்தத் தாத்தாவுக்குக் கஞ்சி மட்டும். அதே வேலையை இன்று செய்கிற அக்காவைத்தான் அட்டை இல்லையென்று வெளியே நிறுத்தினீர்கள். அரிசி களைந்த ஈரம் அவர் கையில் காயவில்லை.

"முறையான பதிவு இல்லாமல் உதவி எப்படிப் போகும்?" என்பீர்கள். சரி, நியாயமான கேள்வி. துயர் துடைப்பு மையத்துப் பதிவை வைத்துத்தான் குடும்பத்துக்கு உதவிப் பணம் வருகிறது, தெரியும். அதனால்தான் சொல்கிறேன், நவம்பரில் பருவமழை தொடங்குமுன் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். தமிழிலும் சொல்லுங்கள். மழைக்கு முன்! அரசியல் பேசுகிறேன் என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

தோட்டத்தை விற்றபோது எங்களைக் கேட்கவில்லை. நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்தைக் காலி செய்யச் சொன்னபோதும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரும்போது எங்கள் ஆட்களுக்கு யார் சோறு போடுவது என்பதைக்கூடவா கேட்கக்கூடாது? வலிக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் அந்த அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் பயிற்சித் தேதியைச் சொல்லுங்கள், நாங்கள் எல்லாரும் வருகிறோம்.