99 சதவீதம் என்றால் எவ்வளவு?

ஆய்வகத்தில் வளர்த்த செல்களை மருந்துபோல உடலில் செலுத்தும் செல் சிகிச்சை பற்றிய பேச்சு வந்தாலே யாராவது ஒருவர், "உள்ளே ஒரு சுவிட்ச் வைத்துத்தான் அனுப்புகிறார்கள், ஏதாவது ஆனால் அணைத்துவிடலாம்" என்பார். சரி, அணைக்கலாம். எத்தனை செல்லை?

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்திவிடலாம். ஆய்வகத்தில் வளர்த்த செல் அப்படியல்ல. உள்ளே போனதும் பெருகும், இடம் மாறும், வருஷக்கணக்கில் தங்கும். 2010இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பெருங்குடல் புற்றுநோய் பரவிய ஒரு பெண்ணுக்கு, ஹெர்-2 என்ற புரதத்தைத் தேடித் தாக்கும்படி மாற்றிய டி செல்களை (நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகை) செலுத்தினார்கள். ஆயிரம் கோடி செல்கள். பதினைந்தே நிமிடத்தில் மூச்சு முட்டியது. ஐந்தாம் நாள் இறந்துபோனார். நுரையீரல் செல்களிலும் அதே புரதம் கொஞ்சம் உண்டு. அவற்றையும் தாக்கிவிட்டன என்பதே மருத்துவர்களின் கணிப்பு.

இப்படி ஆனால் அணைப்பதற்குத்தான் செல்லுக்குள் அந்த சுவிட்சை வைக்கிறார்கள். அதைத்தான் 'தற்கொலை மரபணு' என்கிறார்கள். (பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. செல்லா முடிவெடுக்கிறது? கட்டளை நம்முடையது.) இதில் நன்றாக வேலை செய்தது காஸ்பேஸ்-9. செல் தன்னைத்தானே கலைத்துக்கொள்ள உதவும் இந்தப் புரதத்தை, ஒரு மருந்து வந்து இரண்டிரண்டாக இணைத்தால் மட்டும் விழிக்கும்படி மாற்றிவைத்தார்கள். 2011இல் வெளியான ஆய்வில், கொடையாளியின் டி செல்கள் நோயாளியின் உடலையே தாக்கத் தொடங்கிய நான்கு பேருக்கு அந்த மருந்தை ஒரே ஒரு தடவை கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட செல்கள் காலி. தாக்குதலும் அடங்கியது. மிஞ்சியவை தொல்லை தரவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம்.

ஆனால் இந்த வெற்றியை அப்படியே ஸ்டெம் செல்லுக்கும் (பல வகைச் செல்லாக முதிரக்கூடிய செல்) தூக்கிக்கொண்டு வருகிறார்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. நூறு கோடி செல்லில் 99 சதவீதம் செத்தாலும் ஒரு கோடி மிச்சம். அதில் முதிராத செல் கொஞ்சம் இருந்தால்கூட டெரடோமா என்ற, பல திசுக்கள் கலந்த கட்டி வளரலாம். அப்புறம், செல் பிரியும்போதெல்லாம் நகலெடுப்பில் பிழை வரும். அந்தப் பிழை சுவிட்சிலேயே விழுந்துவிட்டால்? மருந்து கொடுக்கும்போது தப்பிப்பது அந்தச் செல்தான், அடுத்துப் பெருகுவதும் அதுதான்.

டொரன்டோவில் ஆண்ட்ராஸ் நாகி குழு 2018இல் காட்டிய வழி இதற்கு அழகான பதில். செல் பிரிவதற்கு சிடிகே-1 மரபணு இல்லாமல் முடியாது. அழிக்கும் மரபணுவை அதோடு சேர்த்தே கட்டிவிட்டார்கள். சுவிட்சை ஒரு செல் தொலைக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் பிரியும் திறனையும் சேர்த்தே தொலைக்க வேண்டும். கான்சைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தைக் கொடுத்தால் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் சாகும். முதிர்ந்து, பிரிவதை நிறுத்தி வேலையில் இறங்கிவிட்டவை தப்பும். நமக்கு வேண்டியதும் அதுதானே.

இதிலும் பிழைக்கு இடமே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. எத்தனை செல் வரை வளர்த்தால் ஒரு தப்பியோடி உருவாக எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டார்கள். நோயாளி கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தில் அந்த எண் இருக்க வேண்டும் என்கிறேன். 'பாதுகாப்பு சுவிட்ச் உள்ளது' என்ற ஒற்றை வரிக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.