அரிசோனா தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை
ஒருவர், "அரிசோனாவின் எஸ்பி 1070 சட்டத்தில் இனப்பாகுபாடு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2012இல் சொல்லிவிட்டது" என்று எழுதியிருக்கிறார். எஸ்பி 1070 என்பது சட்டவிரோதக் குடியேற்றத்தைத் தடுக்க அந்த மாநிலம் கொண்டுவந்த சட்டம். அந்த வழக்கில் அப்படியொரு கேள்வியே நீதிமன்றத்தின் முன் இல்லை.

மத்திய அரசு தொடுத்த வழக்கு அதிகாரம் யாருடையது என்பது பற்றியது: குடியேற்றம் வாஷிங்டனின் வேலை, மாநிலம் அதில் தலையிடலாமா? மத்திய அரசின் வழக்கறிஞர் வாதத்தைத் தொடங்கியதுமே தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், "இனம் பார்த்துச் சந்தேகிப்பது பற்றி நீங்கள் வாதிடவில்லை, அப்படித்தானே?" என்ற பொருளில் கேட்டார். அவரும் ஆமாம் என்றார். நீதிமன்றத்தின் முன் இருந்த நான்கு பிரிவுகளில் மூன்று தீர்ப்பில் விழுந்தன. போலீஸ் ஒருவரை வேறு காரணத்துக்காக நிறுத்தும்போது, நியாயமான சந்தேகம் இருந்தால் குடியேற்ற நிலையை விசாரிக்கச் சொல்லும் 2(பி) மட்டும் தப்பியது. அதுவும் நற்சான்றிதழோடு அல்ல. நடைமுறைக்கு வந்தபின் வேறு அரசியலமைப்புக் காரணங்களுக்காக வழக்குப் போடலாம் என்று கதவைத் திறந்தே வைத்தார்கள்.

சரி, அப்படியானால் பாகுபாடு நிரூபணமானதே இல்லையா? அதே அரிசோனாவில், 2007இல் தொடங்கிய தனி வழக்கொன்றில், மாரிகோபா கவுண்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) ஷெரிஃப், அதாவது காவல் தலைவர், ஆர்பாயோவின் துறை லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மக்களை இனம் பார்த்து நிறுத்தியது என்று 2013 மே மாதம் மத்திய மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எஸ்பி 1070 கையெழுத்தானதோ 2010இல்தான். இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம். எஸ்பி 1070ஐ எதிர்ப்பவர்களிலும் சிலர் இந்தக் குழப்பத்தைத்தான் செய்கிறார்கள்.