கரையிலேயே இருந்திருக்கலாம்லா?

வெளிநாட்டுச் சொந்தக்காரன் லீவுக்கு வாறான்னாலே எனக்கு வயித்தைக் கலக்குது. உங்க பீரோவிலயும் ரெண்டு கம்பளிக் கோட்டு மடிப்புக் கலையாம கிடக்கும், தெரியும். இந்தத் தடவை நார்வே மச்சான் கொண்டுவந்த எளவு, டிரை சூட். உடம்பு முழுக்க மூடுத உடுப்பு. கயாக்ங்கிற சின்னத் துடுப்புப் படகு ஓட்டும்போது ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராதாம். "மணக்குடிக் காயல்ல போட்டுப் பாரு டே!"

அது சட்டையா? கழுத்துலயும் மணிக்கட்டுலயும் லேடெக்ஸ் ரப்பர். தலையை விட்டா ரெண்டு காதும் மடங்கி நிக்குது. தலையில தேங்காய் எண்ணெய் கூடாதாம், ரப்பர் கெட்டுப்போகுமாம். நாரோயில்காரன்கிட்ட சொல்லுத பேச்சா இது? பவுடரைக் கொட்டி, தள்ளித் தள்ளி தலை வெளிய வந்துச்சு. அடுத்து, நெஞ்சுக்குக் குறுக்கே மெழுகு தேய்ச்ச பித்தளை ஜிப். அப்புறம் குந்த வச்சு, கழுத்து ரப்பரை விரலால விலக்கி, உள்ள கிடக்க காத்தை வெளியேத்தணும். புஸ்ஸ்ஸுன்னு ஒரு சத்தம். வலை பின்னிட்டிருந்த தாத்தா நிமிர்ந்து பார்த்தாரு.

"மக்கா, தண்ணிக்குள்ள ஏதும் விழுந்துட்டா? முங்கி எடுக்கவா?"

"இல்ல தாத்தா, நனையாம இருக்கதுக்கு."

"அப்போ கரையிலேயே இருக்கலாம்லா?"

மச்சான் வாயே திறக்கல.

சும்மா சொல்லக்கூடாது, வெளித் தண்ணி ஒரு சொட்டு வரல. எதுக்கு வரணும்? டிரை சூட்டோட சேர்ந்த காலுறைக்குள்ள என் வேர்வையே சளசளங்குதே! "மூச்சு விடுற துணி டே"ங்கான். வெளிக்காத்து குளுந்து காஞ்சு இருந்தாத்தான் உள்ள இருக்க ஆவி வெளிய போகும். இங்க காத்தைப் பிழிஞ்சா தண்ணி சொட்டும்! அவன் ஊர்ல 10 டிகிரிக்குக் கீழ கிடக்க கடல்ல விழுந்தா குளிர்லயே மூச்சு முட்டும், அங்க அது உயிர் காக்கும், ஒத்துக்கிடுதேன். நம்ம கடல் 28 டிகிரி. விழுந்தா சுகம். அந்தச் சுகத்தைத்தான் இந்தச் சவம் தடுக்குது.

கரைக்கு வந்து கழட்டி, காலுறையைக் கவுத்தேன். கொட்டுச்சு. மச்சான் குனிஞ்சு பாத்துட்டு, "எங்கயோ லீக் இருக்கு போலயே"ங்கான்.

லீக்கா! வேர்வைன்னு நிரூபிக்க நாக்குல தொட்டுக் காட்டலாம்னா, காயல் தண்ணியும் உப்பு. தாத்தா சிரிக்காரு. கடைசில நானும் சிரிச்சுட்டேன், வேற என்ன செய்ய?

சூட்டை "நீயே வச்சுக்கோ"ன்னு விட்டுட்டுப் பிளைட் ஏறிட்டான். போகட்டும். அம்மா எனக்குன்னு வறுத்து வச்சிருந்த நேந்திரங்காய் சிப்ஸையும்லா தூக்கிட்டுப் போயிருக்கான். சிப்ஸ் சரி, டின்னை எதுக்கு டே கொண்டு போன?