நிரசிச்சிரிக்குன்னு என்றால் என்ன?

பரீட்சை ரிசல்ட் வந்ததிலிருந்து எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எந்த நால்ரோட்டிலும் கண்ணைத் திருப்ப முடியவில்லை. எல்லாம் ஃபிளக்ஸ். பாஸ்போர்ட் சைஸ் முகங்கள் வரிசையாக, கீழே 'ஃபுல் ஏ பிளஸ்', அதாவது எல்லாப் பாடத்திலும் முதல் கிரேடு. பிள்ளைகள் படித்திருக்கிறார்கள், சந்தோஷம்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் போர்டுக்குக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருத்தர், "இந்தப் பிள்ளைகளுக்கு நல்லாப் படிப்பு இருக்குது, உலக அனுபவம்தான் இல்லை" என்றார். பக்கத்தில் இருந்தவர், "அனுபவத்தை வெச்சு என்ன பண்றது, சர்டிபிகேட்தான் சோறு போடும்" என்றார். இரண்டு பேரும் பாதிப் பாதி சொல்கிறார்கள் என்று தோன்றியது. டீ ஆறும்வரை யோசித்தேன். அதைத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

எங்கள் ஊர் சித்தூர் தாலுகா. பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். வேலந்தாவளம் தாண்டினால் கோயமுத்தூர் மாவட்டம். பேச்சு கொங்குப் பேச்சு, ரேஷன் கார்டு மலையாளம். கேரளா என்றதும் பச்சைப் பசேல் என்று நினைப்பவர்கள் இங்கே வந்தால் ஏமாந்து போவார்கள். கரிசல் மண், பனை, தென்னை, கள் வண்டி. மழை எங்களைப் பார்த்ததும் ஒதுங்கிப் போகும். படித்தது தமிழ் மீடியம். அந்தக் காலத்தில் எங்கள் பள்ளியில் மலையாளத்துக்கு என்று தனி வகுப்பு கிடையாது. எனக்கு மலையாள எழுத்து சொல்லிக்கொடுத்தது பஸ் போர்டுதான். சித்தூர், பாலக்காடு, பொள்ளாச்சி. ஊர் தெரியும் என்பதால் எழுத்தும் தெரிந்தது.

1994. நான் ஐந்தாம் வகுப்பு. அப்பத்தா விதவை பென்ஷனுக்கு எழுதிப் போட்டிருந்தார். ஒரு நாள் சாயங்காலம் தபால்காரர் ஒரு பழுப்புக் கவரைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போட வரும். 1991ல் கேரளாவை முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தார்களே, அதற்கு முந்தின வருஷம் தெருவில் ஒரு மலையாளிப் பெண் சாயங்காலம் வந்து எழுதப் பழக்கியதில் வந்தது அது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு வாக்கியம் மலையாளம் பேச வராத என் அப்பத்தா தன் பெயரை மலையாளத்தில்தான் எழுதுவார். அதற்கு மேல் ஒரு எழுத்து தெரியாது. அதனால் கவர் என் கைக்கு வந்தது.

"ஏஞ்சாமி, என்ன போட்டிருக்குது?"

எழுத்துக் கூட்டினேன். 'அபேக்ஷ' புரிந்தது, மனு. அடுத்தது 'நிரசிச்சிரிக்குன்னு'. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். நிர... நிறை... நிறைஞ்சிருக்கிறது! நிறைவாகிவிட்டது என்றால் வேலை முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

"நிறைஞ்சிருச்சாமா அப்பத்தா. பணம் வந்துரும்."

பொரிகடலையும் வெல்லமும் ஒரு கை நிறையக் கிடைத்தது. தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அப்புறம் மூன்று மாசம் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே எழுந்து வாசலுக்கு வருவார். நானும் கூடவே வருவேன்.

நிரசிக்குக என்றால் நிராகரிப்பது. ஏதோ ஒரு சர்டிபிகேட் வைக்கவில்லை, இத்தனை நாளைக்குள் வைத்துக் கொடு என்று கீழே இன்னும் நாலு வரி இருந்திருக்கிறது. அந்த நாலு வரியை நான் படிக்கவே இல்லை. நல்ல செய்தி என்று முடிவு பண்ணிய பிறகு யார் கீழே படிக்கிறார்கள்?

விஷயம் தெரிந்தது எங்கள் வகுப்பு சார் மூலமாக. அப்பத்தாவே கவரை மடியில் கட்டிக்கொண்டு அவரிடம் போய், ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டிருக்கிறார். அடுத்த நாள் வகுப்புக்குள் நுழையும்போது எனக்குக் கால் நடுங்கியது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. போர்டில் மலையாளத்தில் 'நிரசிச்சிரிக்குன்னு' என்று எழுதினார். "இது என்னன்னு யாருக்காவது தெரியுமா?" முப்பது பேரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. "நாளைக்கு வரும்போது வீட்டில் இருக்கிற மலையாளக் காகிதத்தில் புரியாத ஒரு வார்த்தையை ஒவ்வொருத்தரும் எழுதிக்கொண்டு வாங்க" என்றார். அவ்வளவுதான். என் பெயர் கடைசிவரை வரவில்லை.

மறுநாள் வந்த வார்த்தைகளை வைத்து ஒரு நாற்பது பக்க நோட்டு ஆரம்பித்தோம். அதில் பாதி, புரியாத வார்த்தைகள் இல்லை. புரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்த வார்த்தைகள். அங்கே வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர், நமக்கு ஊரை அடித்துப்போகிற தண்ணீர். அங்கே அவசரம் என்றால் வாய்ப்பு. உத்தரம் என்றால் பதில், நமக்கு அது கூரையைத் தாங்குகிற கட்டை. ஆதாரம் என்றால் நிலப் பத்திரம். சம்சாரம் என்றால் பேச்சு. 'ஆபீசர் சம்சாரிக்கும்' என்று ஒரு நோட்டீசில் பார்த்துவிட்டு வந்த பையன் அன்று வாங்கிய கேலி, இன்னும் எங்கள் செட்டில் அவனுக்குப் பட்டப்பெயராக இருக்கிறது.

இதைத்தான் சொல்ல வருகிறேன். அந்தக் கடிதம் ஒரு அனுபவம். ஆனால் அது தானாக எனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. தனியாக விட்டிருந்தால் அதில் எனக்குக் கிடைத்திருக்கக்கூடியது வெட்கம் மட்டும்தான். இனி எவர் கவரையும் தொடக்கூடாது என்று கற்றுக்கொண்டிருப்பேன். 'பட்டால்தான் புத்தி வரும்' என்று சொல்வார்கள். பட்டும் புத்தி வராதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பட்டதாலேயே பயந்து ஒடுங்கியவர்களை அதைவிட நிறைய. பட்ட இடத்தில் ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து, அதை வகுப்புக்குள் கொண்டுவந்து, எல்லாருக்குமான கேள்வியாக மாற்ற வேண்டியிருந்தது.

நன்னூலில் பாடம் கேட்பதைப் பற்றி ஒரு கணக்கு வரும். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான். கூடப் படிக்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரை, தான் கற்றதை அடுத்தவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருமாம். பவணந்தி 13ஆம் நூற்றாண்டில் எழுதியது. எல்லைப்புறத்துப் பிள்ளைகளைப் பார்த்து எழுதினாரோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். எங்கள் ஊரில் பத்து வயதுப் பிள்ளைதான் வீட்டுக்கு வக்கீல், குமாஸ்தா, மொழிபெயர்ப்பாளர் எல்லாம். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வதை அம்மாவுக்குச் சொல்வது அதுதான். கரண்ட் பில்லைப் படிப்பது அதுதான். அந்த அரைப் பங்கு தினமும் வீட்டில் நடக்கிறது. பள்ளிக்கூடம் அதைப் படிப்பு என்று எண்ணுவதில்லை. 'மலையாளமும் ஒழுங்கா வராது, தமிழும் ஒழுங்கா வராது' என்று ஒரு குறையாகத்தான் எண்ணுகிறது.

இன்னொன்று. எட்டாம் வகுப்பு. கணக்கு சார் எங்களை வாய்க்காலுக்குக் கூட்டிப்போனார். மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து பிரிந்து வருகிற தண்ணீர். தண்ணீர் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் நடுவில் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் கையெழுத்தானது 1970ல். அதன்படி எங்கள் சித்தூர்ப் புழைக்காக, அதாவது ஆற்றுக்காக, எல்லையோரத்து மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும். ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி. எங்கள் பேச்சு தமிழ், பாட்டன் பூட்டன் கொங்கு நாட்டுக்காரர்கள், ஆனால் வாய்க்கால் காய்ந்தால் 'தமிழ்நாட்டுக்காரன் தண்ணி விடலை' என்று திட்டுவதும் நாங்கள்தான். சித்தூர் பகவதி கோயிலில் வருஷா வருஷம் கொங்கன்படை நடக்கும். படையெடுத்து வந்த கொங்கனை அம்மன் விரட்டிய கதை. சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அம்மன் பக்கம் கைதட்டிவிட்டு, திரும்பி வரும்போது "அப்பா, கொங்கன்னா யாரு?" என்று கேட்டேன். அப்பா ரொம்ப நேரம் சைக்கிள் மிதித்துக்கொண்டே வந்தார். எந்தப் பாடப்புத்தகமும் அந்தக் கேள்வியை எனக்குக் கொடுத்ததில்லை.

சரி, வாய்க்கால். பத்து மீட்டருக்குக் கயிறு கட்டினோம். உதிர்ந்து கிடந்த தென்னங்குரும்பை ஒன்றைத் தண்ணீரில் விட்டோம். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். இருபது விநாடி. ஆக விநாடிக்கு அரை மீட்டர். வாய்க்கால் அகலம் ஒரு மீட்டர், ஆழம் நாற்பது சென்டிமீட்டர். பெருக்கினால் விநாடிக்கு 200 லிட்டர். ஒரு டிஎம்சி என்பது கிட்டத்தட்ட 2,830 கோடி லிட்டர். அந்த வாய்க்கால் இதே மாதிரி ராப்பகலாக ஓடினால் ஒரு டிஎம்சி ஓடி முடிக்க நாலரை வருஷம் ஆகும் என்று கணக்கு வந்தது. பேப்பரில் தினமும் படிக்கிற 'டிஎம்சி' அன்றைக்குத்தான் எங்களுக்கு ஒரு உருவத்தோடு தெரிந்தது.

அப்போது பின்னால் நின்ற என் கூட்டாளி ஒருத்தன், "அது தப்பு சார்" என்றான். வகுப்பில் வாயே திறக்காதவன். காலையில் தோட்டத்துக்குத் தண்ணி கட்டிவிட்டு, கணுக்கால் சேறு காயாமல் வந்து உட்காருபவன். "மேல ஓடற வேகம் அடியில இருக்காது சார். நடுவுல ஓடற வேகம் கரையில இருக்காது. கால் வெச்சுப் பாருங்க, தெரியும்."

சார் செருப்பைக் கழற்றிவிட்டு நிஜமாகவே கால் வைத்துப் பார்த்தார். அப்புறம் சொன்னார், மிதவை காட்டுகிற வேகத்தை அப்படியே எடுக்கக்கூடாது, இன்ஜினியர்களும் 0.85 போல ஒன்றால் பெருக்கிக் குறைத்துக்கொள்வார்கள் என்று. திரும்பக் கணக்குப் போட்டோம். 170 லிட்டர். நாலரை வருஷம் ஐந்தேகால் வருஷமானது. அந்த வித்தியாசம் அவன் காலில் இருந்தது.

இவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2000ல் எஸ்எஸ்எல்சி. அப்போது கிரேடு கிடையாது, 600க்கு 210 எடுத்தால் பாஸ். அவன் 203. ஏழு மார்க். அன்றைக்கு வாய்க்காலில் சொன்னதற்கு ஏழு மார்க் கொடுக்க அந்த முறையில் ஒரு இடம் இருந்ததா? இல்லை. திரும்ப எழுதச் சொன்னோம். அவன் எழுதவில்லை.

நான் பாஸ். பிளஸ் ஒன்னில் சயன்ஸ் குரூப். புத்தகம் இங்கிலீஷ், சார் விளக்குவது மலையாளம், என் தலைக்குள் ஓடுவது தமிழ். புத்தகத்தில் வெலாசிட்டி, வாயில் பிரவேகம், தலைக்குள் திசைவேகம். அங்கே சமவாக்யம், எனக்கு சமன்பாடு. அங்கே த்வரணம், எனக்கு முடுக்கம். முதல் மூன்று மாசம் நான் ஊமை. வகுப்பில் பாதிப் பேர் என்னை மக்கு என்றே முடிவு கட்டிவிட்டார்கள். என்னைக் காப்பாற்றியது இரண்டு சாமான்கள். ஒன்று அந்த நாற்பது பக்க நோட்டுப் பழக்கம், மூன்று பத்தியாகக் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். இன்னொன்று அந்தக் குரும்பை. எந்த மொழியில் சொன்னாலும் வேகம் என்றால் எனக்கு அது மிதந்து போவது தெரியும். தமிழில் அடி பலமாக இல்லாமல் இருந்திருந்தால் அந்த மூன்று பத்தியில் எழுத எனக்கு முதல் பத்தியே இருந்திருக்காது.

அதனால் தாய்மொழிக் கல்வி பற்றி என் கருத்து உறுதியானது. அரசியல் சட்டத்தில் 350ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. 1956ல் மாநிலங்களைப் பிரித்தபோதே சேர்த்தது. இதை மேடையில் நான் நன்றாகப் பேசுவேன். ஆனால் என் மகள் படிப்பது இங்கிலீஷ் மீடியம். ஆமாம். கமெண்டில் யாரும் எடுத்துக்காட்ட வேண்டாம் என்று நானே சொல்லிவிடுகிறேன். தமிழ் மீடியத்தில் சேர்த்தால் பிளஸ் ஒன்னில் அவளும் மூன்று மாசம் ஊமையாக உட்கார வேண்டுமே என்ற பயம். அந்த மூன்று மாசம்தான் என்னை ஆளாக்கியது என்று எழுதிக்கொண்டே அதை அவளுக்குக் கொடுக்க மனசு வரவில்லை. இதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது.

இப்போதைய முறையில் நூறு மார்க் பாடத்தில் இருபது மார்க் தொடர் மதிப்பீட்டுக்கு என்று இருக்கிறது. நல்ல எண்ணத்தில் வைத்ததுதான், பிள்ளை செய்து பார்த்துக் கற்கட்டும் என்று. நடப்பது என்ன? கடையில் படம் அச்சடித்த தாள் வாங்கி, வெட்டி, சார்ட்டில் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவில் பார்டர் போடுவது. பெரும்பாலும் அம்மாக்கள் போடுகிற பார்டர். அப்பத்தாவின் கடிதத்தைப் படித்துச் சொல்வதையும், மடை மாற்றுவதையும், கள் அளக்கிற இடத்தில் தாத்தாவுக்குக் கணக்கு எழுதுவதையும் அந்த இருபதுக்குள் கொண்டுவர எந்தச் சட்டத்தையும் மாற்ற வேண்டியதில்லை. 'நேற்று வீட்டில் என்ன செய்தாய்?' என்று கேட்டுவிட்டு, பதிலைக் கடைசிவரை கேட்கிற பொறுமை வேண்டும். ஆசிரியர்களுக்கு அந்த நேரத்தை நாம் விட்டுவைத்திருக்கிறோமா என்பது வேறு கேள்வி. ஃபிளக்ஸ் வைக்கிறவர்களும் அதை யோசிக்கலாம்.

போன சனிக்கிழமை மகளுக்கு 'தண்ணீர் சேமிப்பு' புராஜெக்ட். கடைக்குப் போய்த் தாள் வாங்கத்தான் வண்டியை எடுத்தேன். பாதி வழியில் திருப்பி, அந்த 203 மார்க்காரன் தோட்டத்துக்குப் போனேன். வாய்க்காலில் முறைத் தகராறு வந்தால் இன்றைக்கும் ஊரில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் ஒன்றும் பேசவில்லை. மம்முட்டியை அவள் கையில் கொடுத்து, "இங்க வெட்டு கண்ணு" என்றான். இரண்டு வெட்டில் மூச்சு வாங்கினாள். மூன்றாவதில் மண் விலகி, தண்ணீர் பாத்திக்குள் குதித்து ஓடியது. கவுன் முழுக்கச் சேறு.

ராத்திரி சார்ட்டை விரித்து வைத்துக்கொண்டு, "அப்பா, மடைக்கு இங்கிலீஷில் என்ன?" என்றாள். ஸ்லூஸ் என்றேன். போனில் தேடிப் பார்த்தாள். பெரிய அணை, இரும்புக் கதவு, சக்கரம் வைத்துத் திருகுகிற படங்களாக வந்தன. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"இது இல்லப்பா. மாமா தோட்டத்துல இருந்தது வேற" என்று சொல்லிவிட்டு, படம் வரைந்து, பக்கத்தில் தமிழிலேயே 'மடை' என்று எழுதினாள். டீச்சர் என்ன சொல்வார்களோ தெரியவில்லை. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.