ஒரே ஆல்பம், இரண்டு மொழி: ஜெருசலேம் பேண்டுக்காக ஒரு வக்காலத்து

கிறிஸ்தவ ராக் என்றதும் நம்ம ஆட்கள் உடனே ஸ்ட்ரைப்பர் பெயரைத்தான் சொல்வார்கள். மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட உடை, மேடையிலிருந்து கூட்டத்துக்குள் வீசிய புதிய ஏற்பாடுகள். சரி, மறக்கக்கூடிய ஆட்கள் இல்லைதான். ஆனால் அந்தக் கலிபோர்னியா பேண்டின் 'டு ஹெல் வித் த டெவில்' வந்தது 1986இல். அதற்கு ஐந்து வருடம் முன்பே, ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்து ஜெருசலேம் பேண்ட் 'க்ரிக்ஸ்மன்' ஆல்பத்தைப் போட்டுவிட்டது. அப்புறம் அதையே ஆங்கிலத்தில் பாடி 'வாரியர்' என்று கொண்டுவந்தார்கள்.

இதை வெறும் வியாபாரம் என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வெளிநாட்டில் விற்க ஆங்கிலம் வேண்டும், யார் இல்லை என்றது? அதே ஸ்வீடனில் அபா 'ரிங் ரிங்' பாட்டை 1973இலேயே இரண்டு மொழியிலும் பாடிவிட்டது. ஆனால் அபாவைக் கேட்கிறவனுக்கு வரி புரியாவிட்டாலும் ஆடிவிட்டுப் போய்விடலாம். ஜெருசலேமுக்கு அது பத்தாது. 1975இல் உல்ஃப் கிறிஸ்டியான்சன் ஆரம்பித்த இந்த பேண்ட் மேடை ஏறியதே நற்செய்தி சொல்லத்தான். சொல்வது புரியாமல் போனால் மிஞ்சுவது சத்தம் மட்டும். ராக்கைப் பற்றி சபைப் பெரியவர்கள் அந்தக் காலத்தில் சொன்ன குறையும் அதுவேதான்!

அதனால் முதலில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஸ்வீடிஷ், பிறகு ஊர் உலகத்துக்கு ஆங்கிலம். இந்த வரிசையை நான் மதிக்கிறேன்.

ஒரே பாட்டை இரண்டு மொழியிலும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஸ்வீடிஷில் கிறிஸ்டியான்சன் மெய்யெழுத்துகளைக் கடித்துத் துப்புகிறார், கிடாரோடு சண்டைக்கு நிற்கிற குரல். ஆங்கிலத்தில் அதே மனிதர், அதே மூச்சு, ஆனால் உச்சரிப்பு பிசகிவிடக் கூடாதே என்று கொஞ்சம் அடக்கி வாசிப்பது போல எனக்குக் கேட்கிறது. அமெரிக்க ரசிகர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு 'வாரியர்'தான் மூலம்.

'உனக்கு ஸ்வீடிஷ் ஒரு வரி புரியுமா, புரியாமல் என்ன நற்செய்தி?' என்று ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. 'வாரியர்' கேட்டு விஷயத்தைத் தெரிந்துகொள்கிறேன், 'க்ரிக்ஸ்மன்' கேட்டு அதை நம்புகிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு, 1987இல் வந்த 'டான்சிங் ஆன் த ஹெட் ஆஃப் த சர்ப்பன்ட்' தான் இவர்களுடைய உச்சம் என்று அடுத்த சண்டையை ஆரம்பித்தார். அது ஆங்கில ஆல்பம். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இப்போது வேண்டாம்.