10,000 மி.மீ. என்பது துணிக்கு மட்டும்தான்

"மழைக்கோட்டு லேபிளில் 10,000 மி.மீ. இருந்தால் போதும், கார்த்திகை மழையில் பாம்பனில் நின்று வேலை பார்த்தாலும் ஒரு சொட்டு உள்ளே இறங்காது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பிக் காசைப் போடாதீர்கள். துணி எவ்வளவு நீர் அழுத்தத்தைத் தாங்கும் என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. தண்ணீர் பெரும்பாலும் இறங்குவது தையல் ஓட்டை, ஜிப், கழுத்து, மணிக்கட்டு வழியாக. நம் கரையில் வடகிழக்குப் பருவமழை காற்றோடு சாய்ந்து அடிக்கும் என்பது தெரிந்ததே. அதனால் கடையிலேயே மழைக்கோட்டை உள்பக்கம் திருப்பி, எல்லாத் தையலிலும் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஜிப்பை மூடும் மடிப்பும் வேண்டும்.

ஈ.என். 343 என்ற ஐரோப்பியத் தரக்குறி இருந்தால் இன்னும் நல்லது. அதில் தையலையும் சேர்த்தே சோதிக்கிறார்கள். முதல் எண் நீர் புகாமைக்கு, இரண்டாவது வியர்வை ஆவி வெளியேறுவதற்கு. 2019 பதிப்பில் இரண்டிலும் உச்சம் 4. இந்த இரண்டாவது எண்ணைத்தான் யாரும் கவனிப்பதில்லை. மண்டபத்தில் மார்கழியிலும் புழுங்கும். ஆவி போகாத பிவிசி கோட்டுக்குள் பாரம் தூக்கினால், மழை புகாவிட்டாலும் வியர்வையில் சட்டை நனைந்துவிடும். தடித்த உள்துணி நமக்குத் தேவையே இல்லை, அக்குளில் காற்றுத் திறப்பு இருக்கட்டும்.

அப்புறம், வெல்டிங் ஆட்கள் சாதாரண நைலான், பிவிசி கோட்டோடு தீப்பொறி பக்கம் போகவே கூடாது. உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.